உங்கள் மாத்திரை நாய்க்கும் மாட்டுக்கும் மருந்தல்ல

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பகுதிகளில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் காவல் நாயும் உண்டு. ஐப்பசியில் இடியும் தீபாவளிப் பட்டாசும் சேர்ந்து வரும்போது நாய் நடுங்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். வீட்டுப் பெரியவரின் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் என்ன என்று அப்போது தோன்றும். நொண்டும் நாய்க்கு வலி மாத்திரை, சோர்ந்த பூனைக்கு பாராசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு. இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

ஒரே மருந்து, வேறு உடல்

பாராசிட்டமாலின் நச்சை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மி.கி. மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடும். ஈறு பழுப்பாவதும், முகமும் பாதமும் வீங்குவதும், மூச்சுத் திணறுவதும் இதன் அறிகுறிகள். ஐபுபுரூபன், டைக்ளோபினாக் மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரையால் சில நாய்கள் அடங்குவதற்குப் பதில் வெறிகொண்டு கடிக்கவும் செய்யும்.

அப்படியானால் மனித மருந்து விலங்குக்கு ஆகவே ஆகாதா? அப்படியும் இல்லை. புளூவாக்செட்டின், காபாபென்டின் போன்றவற்றைக் கால்நடை மருத்துவர்களே நாய்க்குத் தருகிறார்கள். ஆனால் எடை, வயது, கல்லீரல், சிறுநீரக நிலை பார்த்து அளவு முடிவு செய்கிறார்கள். புளூவாக்செட்டின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

குணம் மாறினால் வலியைத் தேடுங்கள்

சாதுவான நாய் தொட்டால் உறுமுகிறதா? காதுப்புண், பல்வலி, மூட்டுவலி இருக்கலாம். கறவை மாடு திடீரென உதைத்தால் காம்பில் வெடிப்பு, மடிநோய் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி தெரியும். நுகத்தடிக்கு வராத எருதின் கழுத்தையும் குளம்பையும் பாருங்கள். இந்த நிலையில் மயக்க மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்து முற்றும்.

கழுகுகள் அழிந்த கதை

டைக்ளோபினாக் மனிதருக்கு வந்த வலி மருந்து. அதையே மாட்டுக்கும் போட்டார்கள். மருந்து போட்ட சில நாட்களில் இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. தமிழகத்தில் இன்று அவற்றின் முக்கியப் புகலிடம் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கு.

2006-ல் கால்நடைக்கு டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 2015-ல் குப்பி 3 மி.லி. அளவுக்குக் குறைக்கப்பட்டது. 2023-ல் கீட்டோபுரூபன், அசிக்ளோபினாக் மருந்துகளும் கால்நடைக்குத் தடையாயின. மாட்டு வலிக்குக் கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. அதையும் மருத்துவர் சொன்னபடியே போட வேண்டும். அவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

* பட்டாசு நாளில் நாயை முன்னதாகவே நடத்திவிட்டு, சன்னல் சாத்திய அறையில் விடுங்கள். மின்விசிறி, வானொலிச் சத்தம் இருக்கட்டும். பயந்ததற்காக அடிக்காதீர்கள்.
* ஆண்டுதோறும் பயப்படும் நாய் என்றால் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.
* குணம் மாறிய நாள், தீனி, நடை, சாணம், சிறுநீர் ஆகியவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.
* தெரியாமல் மாத்திரை தின்றுவிட்டால் எண்ணெய், உப்புநீர் புகட்டாதீர்கள். மாத்திரை அட்டையுடன் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.
* வீட்டு மருந்துப் பெட்டியை நாய், பூனைக்கு எட்டாமல் வையுங்கள்.

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். மெடிக்கல் கடைக்குப் போகும் முன் அந்த எண்ணை அழையுங்கள்.