எஞ்சிய ஒரு நாள் யாருக்கு?

சுற்றுலாவுக்குத் திட்டம் வகுக்கும் குடும்பத்தலைவர் எல்லா நாள்களுக்கும் கணக்கு எழுதிவிடுவார். போய்ச் சேர ஒரு நாள், திரும்ப ஒரு நாள், கேளிக்கைப் பூங்காக்களுக்கு நான்கு நாள் என்று எழுதி முடித்தபின், பெரும்பாலும் ஒரு நாள் எதற்கும் உரியதன்றி எஞ்சி நிற்கும். அதை எவ்வாறு செலவிடுவது என்ற கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு குடும்பம் தன்னுள் யாரை நினைக்கிறது, யாரை மறந்துவிடுகிறது என்பதை அந்த ஒரு நாளே காட்டிவிடும்.

அமெரிக்காவில் பிள்ளைகளை உடைய பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர் உள்ளனர். பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லும் அவர்கள், விடுமுறையில் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகருக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆகவே அந்நகரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

பூங்காக்களின் நகரம்

1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆர்லாண்டோவுக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது. அதைக் கனவு கண்ட வால்ட் டிஸ்னி 1966-இலேயே மறைந்துவிட்டார். அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி, தாம் ஓய்வு பெறும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தம்பியின் பணியை நிறைவேற்றினார். திறப்பு விழா கண்டு மூன்று மாதங்கள் முடிவதற்குள் அவரும் காலமானார். தம்பியின் கனவை அண்ணன் சுமந்த கதை அது.

அன்று ஒரு பூங்காவாக இருந்தது 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் வளர்ந்து நான்காயிற்று. மற்றொரு நிறுவனமான யுனிவர்சல், 1990-இலும் 1999-இலும் பூங்காக்கள் அமைத்து, 2025 மே மாதத்தில் எபிக் யுனிவர்ஸ் என்னும் புதிய பூங்காவையும் திறந்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே, ‘எஞ்சிய நாளில் இன்னொரு பூங்கா’ என்ற எண்ணம் முதலில் எழுவதில் வியப்பில்லை. நுழைவுச்சீட்டின் விலையும் அதற்குத் தூண்டுகோலாகிறது. நாள்கள் கூடக்கூட, ஒரு நாளுக்கு விழும் விலை குறைந்துகொண்டே வரும். “இவ்வளவு செலவழித்தோம், இன்னும் சிறிது கொடுத்தால் ஒரு நாள் கிடைக்கிறதே” என்று தோன்றும்.

ஆனால், சீட்டில் அச்சிடப்படாத விலை ஒன்று உண்டு. ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டர் நடப்பது அங்கே இயல்பு. வெயிலில் வரிசை, வரிசைக்குப்பின் மற்றொரு வரிசை. சிறுவர்களுக்கு அது களிப்பு. பாட்டிக்கோ, முழங்கால் வலி. சுழலும் ஊர்திகளில் ஏற இயலாமல், எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நிழலுள்ள ஒரு பெஞ்சில் நான்கு நாள் அமர்ந்திருந்தவர் அவர். “நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்பதே அவர் அதிகமாகச் சொன்ன சொல்லாக இருக்கும். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாயின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இங்கேதான் நாம் கூற விரும்பும் கருத்து உள்ளது. எஞ்சிய நாளுக்கு ‘எங்கே போகலாம்?’ என்று தொடங்குவது பிழை. ‘மற்ற நாள்களில் மிகக் குறைவாகப் பெற்றவர் யார்?’ என்று கேட்டுத் தொடங்க வேண்டும். ஆளைக் கண்டுகொண்டால் இடம் தானே தெரிந்துவிடும்.

பாட்டிக்கு உரிய நாளானால்

பூங்காக்களுக்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் லேக் வேல்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. சமவெளியான ஃபுளோரிடாவில் அபூர்வமான ஒரு குன்றின்மேல், 205 அடி உயரமுள்ள பளிங்கு மணிக்கோபுரம் ஒன்று அங்கே எழுந்து நிற்கிறது. கோபுரத்தினுள் 60 மணிகள் உள்ளன. அவற்றை இசைக் கருவியாக அமைத்து, விசைப்பலகை கொண்டு வாசிக்கின்றனர். மர நிழலில் அமர்ந்தபடியே அந்த இசையைக் கேட்கலாம்.

இதை அமைத்தவர் எட்வர்ட் போக். ஹாலந்து நாட்டில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்த ஏழைச் சிறுவன்; பிற்காலத்தில் அந்நாட்டின் புகழ்பெற்ற மகளிர் இதழொன்றின் ஆசிரியர். உலகை நாம் கண்டதைவிடச் சற்று அழகாக விட்டுச்செல்ல வேண்டும் என்ற தம் பாட்டியின் அறிவுரையை அவர் வாழ்நாள் முழுவதும் போற்றினார். 1929 பிப்ரவரி முதல் நாள் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அத்தோட்டத்தையும் கோபுரத்தையும் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மறு ஆண்டு மறைந்த போக், அக்கோபுரத்தின் அடியிலேயே துயில்கிறார். ஒரு பாட்டியின் சொல்லால் எழுந்த தோட்டத்துக்கு நம் பாட்டியை அழைத்துச் செல்வது எவ்வளவு பொருத்தம்! அங்கே அவர் பைகளைக் காக்க வேண்டியதில்லை.

தாத்தாவுக்கும் வளர்ந்த பிள்ளைக்கும்

செய்தித்தாளை வரி விடாமல் படிக்கும் தாத்தாவும், பொம்மை வேடங்களைக் கண்டு சலித்துப்போன பதினைந்து வயதுப் பேரனும் ஒரே இடத்தில் மகிழ்வது அரிது. கிழக்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கென்னடி விண்வெளி மையம் அவ்வரிய இடங்களுள் ஒன்று. 1969 ஜூலை 16 அன்று, மனிதரை நிலவில் இறக்கிய அப்பல்லோ 11 புறப்பட்டது இங்கிருந்துதான். அன்று வானொலியில் அச்செய்தியைக் கேட்டவர் தாத்தாவாயின், பேரனுக்குச் சொல்ல அவரிடம் கதை இருக்கும். 363 அடி நீளமுள்ள சாட்டர்ன் 5 ராக்கெட்டை அங்கே படுக்கைவாட்டில் வைத்திருக்கின்றனர். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருவரும் சேர்ந்து நடக்கலாம்.

33 முறை விண்வெளிக்குச் சென்று திரும்பிய அட்லாண்டிஸ் விண்கலமும் அங்கே உள்ளது. 2003 பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்கலம் சிதைந்தபோது உயிர்நீத்த எழுவருள், ஹரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். விண்வெளிப் பணியில் உயிர் ஈந்தோரின் பெயர்கள் பொறித்த கருங்கல் நினைவுச் சுவரில் அவர் பெயரையும் காணலாம். இம்மையத்துக்கு முழு நாள் தேவை. ராக்கெட் உள்ள மண்டபத்துக்கு உள்ளேயே பேருந்தில் செல்ல வேண்டியிருப்பதால், காலையிலேயே போய்ச் சேருவது நன்று.

சின்னஞ்சிறு குழந்தைக்கு

பேருருவப் பொம்மைகளைக் கண்டு அழும் குழந்தையும் உண்டு. பயணம் குளிர்காலத்தில் அமைந்தால், வடக்கே ஆரஞ்சு சிட்டி அருகிலுள்ள புளூ ஸ்பிரிங் பூங்காவுக்குச் செல்லலாம். மனாட்டி எனப்படும் கடற்பசுக்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கூடும். நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவுக்கு அவை உறவு. பார்வைக்குப் பருத்த உடலாயினும், 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த நீரை அவற்றால் நெடுநேரம் தாங்க இயலாது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி வெப்பமுள்ள ஊற்று நீரைத் தேடி அவை ஆற்றிலிருந்து வந்து சேருகின்றன. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அவற்றின் காலம். குளிர் மிகுந்த காலையில் மிகுதியாகத் தெரியும். மரப்பலகை நடைபாதையில் நின்றபடி, தாயின் பக்கத்தில் கன்று மிதப்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். கட்டணம் மிகச் சிறிது. விடுமுறை நாள்களில் இடம் நிரம்பியதும் வாயிலை அடைத்துவிடுவர் என்பதால், விடியலிலேயே புறப்பட வேண்டும்.

வரலாற்றை விரும்புவோர்க்கு

வடகிழக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் செயிண்ட் அகஸ்டின் நகரம் உள்ளது. 1565 ஆகஸ்ட் 28, புனித அகுஸ்தினார் திருநாளன்று ஸ்பானியர் கரையைக் கண்டதால் அப்பெயர் பெற்றது. செப்டம்பர் 8, மரியன்னையின் பிறப்பு விழாவன்று அவர்கள் கரையிறங்கித் திருப்பலி கண்டனர். அவ்விடத்தில் பாலூட்டும் அன்னையின் சிறு ஆலயம் இன்றும் உள்ளது. கருவுற்ற தாய்மாரும் மகப்பேறு வேண்டுவோரும் அங்கே வந்து மன்றாடுகின்றனர்.

அருகிலுள்ள கோட்டையை 1672-இல் தொடங்கி 1695-இல் முடித்தனர். சிப்பிகள் இறுகிய கல்லால் ஆன அதன் சுவர், பீரங்கிக் குண்டுகளைச் சிதறாமல் உள்வாங்கிக் கொண்டதாம். 1702-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, ஊர் மக்கள் உட்பட ஏறத்தாழ 1,500 பேர் அச்சுவர்களுக்குள்ளே ஏழு வாரங்களுக்கு மேல் அடைந்து கிடந்து உயிர் தப்பினர். 1738-இல், ஆங்கிலேயர் குடியேற்றங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகளுக்கு நகரின் வடபால் விடுதலைச் சிற்றூர் ஒன்றும் அமைந்தது. போகவர நான்கு மணி நேரமாகும் என்பதால், கால் வலியுள்ளவரை இதற்கு வற்புறுத்த வேண்டா.

அம்மாவுக்கு உரிய நாளானால்

எங்கும் போகாமலிருப்பதும் ஒரு தேர்வே. விடியலில் எழுப்பி, உடுத்தி, ஊட்டி, கட்டுச்சோறு எடுத்து, இரவில் துணி துவைத்த தாய்க்கு, யாரும் எழுப்பாத ஒரு காலையைவிடப் பெரிய காட்சி இல்லை. பிள்ளைகளைத் தந்தை விடுதியின் நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லட்டும். மாலையில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கு எல்லாரும் செல்லலாம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தவும் கட்டணம் இல்லை. எஞ்சிய நாள் ஞாயிறாக அமைந்தால், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அவ்வூரில் எழுப்பப்பட்ட அனைத்துலகின் அரசியாம் மரியன்னையின் பேராலயத்தில் திருப்பலி காணலாம். வந்திருப்போர் அனைவரும் வழிப்போக்கர் என்பதால், அங்கே யாரும் அயலார் அல்லர்.

திட்டமிடுவோர்க்குச் சில சொற்கள்

எஞ்சிய நாளைப் பயணத்தின் கடைசியில் வைக்க வேண்டா. பெட்டி கட்டுவதிலும் விட்டுப்போன பொருள் வாங்குவதிலும் அது கரைந்துவிடும். இரண்டு நாள் பூங்கா, ஓய்வாக ஒரு நாள், மீண்டும் இரண்டு நாள் பூங்கா என்று நடுவில் வைத்தால், கால்களும் தேறும். பிள்ளைகளின் களிப்பும் புதிதாகும். கோடைக்காலமாயின் பிற்பகல்தோறும் இடிமழை வருவது அங்கே வழக்கம். ஆகவே வெளியிடங்களைக் காலையில் முடித்துவிடுக.

மற்றொன்று முக்கியமானது. அந்த நாள் யாருக்கு என்பதை வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். விடுதியில் திடீரென்று அறிவித்தால், தமக்குரியது பறிக்கப்பட்டதாக அவர்கள் எண்ணுவர். முன்னரே சொன்னால், தாம் கொடுப்பதாக எண்ணுவர். “புதன்கிழமை பாட்டியின் நாள்” என்று பேரனே பாட்டியிடம் சொல்லட்டும். அவர் வழக்கம்போல் “எனக்கு எதற்கு, பிள்ளைகள் விருப்பப்படியே செய்யுங்கள்” என்பார். அந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது. கேட்காதவர்க்குக் கொடுப்பதே கொடை.

ஐந்தாவது பூங்காவில் கண்ட ஊர்தி எது என்பதைப் பத்து ஆண்டு கழித்துப் பிள்ளைகள் மறந்துவிடுவர். மணியோசை கேட்டுப் பாட்டி கண்மூடி அமர்ந்திருந்த பிற்பகல் அவர்கள் நினைவில் நிற்கக்கூடும். நாள்களைப் பங்கிடும்போது, அதிகம் கேட்பவர்க்கு அதிகம் என்பது உலகத்தின் கணக்கு. குறைவாகப் பெற்றவர்க்கு முதலில் என்பது குடும்பத்தின் கணக்கு. அடுத்த சுற்றுலாவுக்குத் தாளும் பேனாவும் எடுக்கும் குடும்பத்தலைவர், அந்த எஞ்சிய நாளுக்கு எதிரே முதலில் ஒரு பெயரை எழுதுவாராக. இடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.