முதுமை தீண்டாத பேரரசர்

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறந்தபோது அவருக்கு வயது 75. ஆனால் அவருடைய பளிங்குச் சிலைகளில் சுருக்கம் இல்லை, தளர்ச்சி இல்லை. கடைசிவரை இளைஞர்தான்.

அவற்றில் புகழ்பெற்றது, ரோமுக்கு அருகே பிரீமா போர்ட்டாவில், அவர் மனைவி லிவியாவின் மாளிகை இடிபாடுகளில் 1863-இல் கிடைத்த சிலை. உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். படையினரிடம் பேசுவதுபோல் வலக்கை உயர்ந்திருக்கிறது. மார்புக் கவசத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே, ரோமின் எதிரிகளான பார்த்தியர்களில் ஒருவர், கழுகுச் சின்னம் தாங்கிய ரோமானியப் படைக்கொடியைத் திருப்பித் தருகிறார். கி.மு. 53-இல் கர்ஹே போரில் ரோம் அவர்களிடம் பறிகொடுத்த கொடிகளை, கி.மு. 20-இல் அகஸ்டஸ் பேச்சுவார்த்தை மூலமே திரும்பப் பெற்றார். போரில்லாமல் கிடைத்ததைப் பெரும் வெற்றியாகக் கல்லில் நிலைநாட்டிய சாமர்த்தியம் வியக்க வைக்கிறது.

காலருகே டால்பின்மீது வீனஸின் மகன், குட்டி கியூபிட். பேரரசர் வீனஸ் தேவியின் வம்சம் என்பதற்கான அடையாளம் அது. பாதங்களில் காலணி இல்லை. தெய்வங்களை அப்படிச் செதுக்குவது வழக்கம்.

இன்று வெண்மையாகத் தெரியும் இச்சிலைக்கு அன்று வண்ணம் பூசியிருந்தார்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இதைக் காணலாம்.