அங்குலத்துக்கு அங்குலம் ஏறும் விலை

அமெரிக்காவில் அரை டன் என்றால் 1,000 பவுண்டு. நம் கணக்கில் 454 கிலோ. செவர்லே சி-10 பிக்கப் வண்டி அந்த அரை டன் வகுப்பில் பிறந்தது. தீவன மூட்டை, வேலிக்கம்பி, உரம் என்று எதைப் போட்டாலும் சுமந்துகொண்டு பண்ணைச் சாலையில் ஓடுவதுதான் அதன் பிழைப்பு. 1967 முதல் 1972 வரை வந்த தலைமுறை வண்டியை இன்று டெக்சஸிலும் அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் வைத்திருக்கும் பிரியர்கள், அது எதையும் சுமக்காமல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பதற்காகப் பல்லாயிரம் டாலர் செலவழிக்கிறார்கள். அந்தச் செலவுக்கு ஒரு பேரேடு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் பொருள் விலைகள் சந்தையின் தோராயம். அங்குலக் கணக்கும் அழுத்தக் கணக்கும் பள்ளிக்கூடக் கணிதம்.

முதல் பற்று, வண்டியே. சி-10 இரண்டு நீளத்தில் வந்தது. 8 அடிச் சரக்குத் தொட்டி வைத்ததற்கு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 127 அங்குலம். 6.5 அடித் தொட்டி வைத்ததற்கு 115. வேலைக்கு வாங்கியவர்கள் நீளத்தை விரும்பினார்கள். அழகுக்கு வாங்குகிறவர்கள் குட்டையைத் தேடுகிறார்கள். அதனால் ஒரே ஆண்டு, ஒரே நிலை என்றாலும் குட்டை வண்டிக்குச் சில ஆயிரம் டாலர் கூடுதல். இதற்குச் சிலர் கண்டுபிடித்த வழி, நீள வண்டியை மலிவாக வாங்கி சேஸிஸை அறுப்பது. அச்சுகளுக்கு நடுவே 12 அங்குலம் அறுத்தெடுத்து ஒட்டுகிறார்கள், மிச்சத்தைப் பின் அச்சுக்குப் பின்னால் கழிக்கிறார்கள். ஒன்றரை அடி தொட்டியை இழப்பதற்குக் காசு கொடுக்கும் வாகனச் சந்தை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

ஆண்டும் விலையைத் தீர்மானிக்கிறது. 1970 வரை வந்தவற்றில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், சக்கரத்துக்கு 6 போல்ட். 1971இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது, போல்ட் 5 ஆனது. பழைய வண்டி வைத்திருப்பவர் எப்படியும் டிஸ்க்குக்கு மாறுவார். அப்போது முன்னால் 5, பின்னால் 6 என்று நிற்கும். ஒரே வகைச் சக்கரம் மாட்ட வேண்டுமானால் பின் அச்சையும் தொட்டாக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் செலவு முறை இதுதான்: எந்தச் செலவும் தனியாக வருவதில்லை.

இனி, தாழ்த்துவது. இந்த வட்டாரத்தில் "4/6" என்று சொன்னாலே புரியும்: முன்னால் 4 அங்குலம், பின்னால் 6 அங்குலம் இறக்கியிருக்கிறது. பின்பக்கம் ஏன் கூடுதல்? சுமை ஏறினால் பின்புறம் அமுங்கும் என்று கணக்கிட்டு, காலி வண்டியைப் பின்னால் தூக்கலாகவே தொழிற்சாலை அமைத்தது. சுமையே ஏறாத வண்டியில் அந்தத் தூக்கல் வெறும் கோணல். அதைச் சமன் செய்யவே 2 அங்குலம் போய்விடுகிறது.

ஓரிரண்டு அங்குலம் சல்லிசு. குட்டை ஸ்பிரிங் நான்கு, சுமார் 300 டாலர். அங்குலத்துக்கு 150 என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது ஸ்பிண்டில். சக்கரம் சுழலும் முளையை 2.5 அங்குலம் மேலே தள்ளி வைத்து வார்த்த உதிரி அது. ஸ்பிரிங்கின் ஓட்டத்தைத் தொடாமலே வண்டி இறங்கும் என்பதால், செலவழித்த காசுக்கு மிக நேர்மையான பொருள் இதுவே. டிஸ்க் பிரேக்கும் சேர்ந்த தொகுப்பாக வாங்கினால் 700 முதல் 1,000 டாலர். அங்குலத்துக்கு 280 முதல் 400 ஆயிற்று.

பின்னால்தான் சிக்கல். ஒரே நிறுவனத்தின் அக்கா தங்கை போன்ற வண்டிகளில் ஜி.எம்.சி.க்குப் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங், செவர்லே சி-10க்குச் சுருள் ஸ்பிரிங். சுருள் என்பதால் அச்சு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கக் குறுக்கே ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். வண்டி இறங்கினால் அந்தத் தண்டு வட்டப் பாதையில் சாய்ந்து, அச்சை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒருபுறச் சக்கரம் உள்ளே, மறுபுறச் சக்கரம் வெளியே. நீளம் மாற்றக்கூடிய தண்டு வாங்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் இடத்தை மாற்ற வேண்டும். 4 அங்குலத்தைத் தாண்டியதும் அச்சு சேஸிஸில் இடிக்கும். அந்த இடத்தில் சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, மேலே தடித்த தகடு வைத்து இறுக்கவோ வெல்டிங் செய்யவோ வேண்டும். தகடு 200 டாலருக்குள் கிடைக்கும். வெட்டுகிற கைக்குத்தான் விலை.

ஏன் இந்த வெட்டைச் செய்யாமல் விட முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அதன் விறைப்பையும், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அமுங்க 4 அங்குலம் இருந்த இடத்தில் 2 அங்குலம்தான் மிச்சம் என்றால், அதே பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு விறைப்பாக வேண்டும். முதுகுக்கு வரும் அடி இரட்டிப்பாகும். வெட்டாமல் இறக்கிய வண்டியை ஓட்டுகிறவர் வேகத்தடையைக் கண்டால் வேறு தெருவைத் தேடுவது இதனால்தான்.

கடைசி அங்குலங்கள் காற்றின் கையில். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரப்பர் காற்றுப்பை வைப்பது. நிறுத்தினால் காற்றை விட்டுப் படுக்கவைக்கலாம், கிளம்பினால் நிரப்பி எழுப்பலாம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 1,000 பவுண்டு இருப்பதாகக் கொள்வோம். பை சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. எனவே நெம்புகோல் விதிப்படி அது தாங்குவது ஏறத்தாழ 2,000 பவுண்டு. பையின் பயன் விட்டம் 6 அங்குலம் என்றால் பரப்பு 28 சதுர அங்குலம். ஆக சதுர அங்குலத்துக்கு 71 பவுண்டு அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல இரு மடங்குக்கு மேல். நாலு பை, 5 காலன் காற்றுத் தொட்டி, கம்ப்ரசர், வால்வு, குழாய், கட்டுப்படுத்தும் மின்பலகை எல்லாம் சேர்ந்து 4,000 முதல் 6,000 டாலர். 4/6க்குக் கீழே இன்னும் 3 அங்குலம் கிடைக்கிறது என்று வைத்தால், சராசரியாக அங்குலம் 1,500 டாலரைத் தாண்டுகிறது. முதல் அங்குலத்தின் விலையைப் போலப் பத்து மடங்கு.

அது மட்டுமா? முதல் படியில் வாங்கிய 300 டாலர் ஸ்பிரிங் இப்போது காயலான் கடைக்கு. சக்கரம் மேலேறுவதால் முன்னால் உள் மட்கார்டை வெட்ட வேண்டும், பின்னால் தொட்டியின் தரையை வெட்ட வேண்டும். வெட்டிய தொட்டியில் காற்றுத் தொட்டியும் கம்ப்ரசரும் உட்கார்ந்த பிறகு தீவன மூட்டைக்கு ஏது இடம்? இத்தனை ஒட்டுவேலை பார்த்தவர்களில் பலர் கடைசியில் 15,000 டாலருக்கு மேல் கொடுத்துப் புதிய சேஸிஸே வாங்கி, அதன் மேல் பழைய கேபினைத் தூக்கி வைக்கிறார்கள். அப்போது வெட்டிய சேஸிஸும் செலவுக் கணக்கில் சுத்தமான நட்டம்.

படுத்து எழும் ஆசை புதிதல்ல. சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று 1958இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்பவர் தம் கொர்வெட் காரில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தினார். போலீஸ் வந்தால் ஏறும், போனால் இறங்கும். இன்றைய காற்றுப்பை அதன் பேரப்பிள்ளை.

எஞ்சினுக்கு வருவோம். சி-10க்குள் இன்று அதிகம் போவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். குடும்பம். 1997 கொர்வெட்டில் அறிமுகமாகி, 1999 முதல் அந்த நிறுவனத்தின் பிக்கப்களில் 5.3 லிட்டராக லட்சக்கணக்கில் ஓடியது. அதனால்தான் காயலான் கடையில் அது 1,000 டாலர் சுமாருக்கு இன்னும் அகப்படுகிறது. ஆனால் எஞ்சின் 1,000 என்றால் மாற்றம் 6,000. அதற்கான மின்கம்பித் தொகுப்பு, கணினி, எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், கியர்பெட்டி என்று நீளும். பழைய கார்புரேட்டருக்கு மெல்லிய பெட்ரோல் ஓட்டம் போதும். இதற்குச் சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் வேண்டும். ஆகவே புதுப் பம்ப், புதுத் தொட்டி. இது ஒன்றில் நன்மை உண்டு. பழைய சி-10இல் சுமார் 75 லிட்டர் தொட்டி கேபினுக்குள்ளேயே, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைத் தூக்கிச் சரக்குத் தொட்டிக்கு அடியில் வைப்பதற்குக் கொடுக்கும் காசை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிடைக்கும் பலன் கியரில் தெரியும். டயர் விட்டம் 28 அங்குலம், பின் அச்சு விகிதம் 3.73. மணிக்கு 70 மைலில், அதாவது 113 கிலோமீட்டரில், மேல் கியர் நேருக்கு நேராக இருந்த பழைய பெட்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,130 சுற்று. எல்.எஸ். எஞ்சினோடு வரும் பெட்டியின் நாலாவது கியர் 0.70, அதில் 2,190 சுற்று. காதுக்கு இது பெரிய நிம்மதி. பணப்பைக்கா? ஆண்டுக்கு 3,000 மைல் ஓட்டம், காலனுக்கு 12 மைல் கொடுத்தது 17 கொடுக்கிறது, காலன் 3.50 டாலர் என்று வைத்துப் பாருங்கள். 250 காலன் பிடித்த இடத்தில் 176 போதும். மிச்சம் 74 காலன், 259 டாலர். 6,000 டாலர் திரும்பி வர 23 ஆண்டு. எரிபொருள் சிக்கனத்துக்காக எஞ்சின் மாற்றுகிறேன் என்று வீட்டில் சொல்கிறவரிடம் இந்தத் தாளை யாரும் காட்ட வேண்டாம்.

பழைய வண்டியையே ஏன் பிடிக்கிறார்கள் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. புதிய வண்டிகளில் கைவைப்பவர்களின் கணக்கு வேறு. டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது அமெரிக்காவில் பெரும் வழக்கமாகி, பத்தாண்டில் 5,50,000 வண்டிகளுக்கு மேல் அப்படி ஆனதாக 2020இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்தது. அவை கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன் என்றது அதே கணிப்பு. அந்தச் செலவு எந்த வண்டிக்காரரின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. மூச்சு விடுகிறவர்கள் கட்டுகிறார்கள். சட்டம் உயரத்தையும் விட்டுவைப்பதில்லை: முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் குந்தவைக்கும் பாணிக்கு 2021 டிசம்பரில் வட கரோலினா தடை போட்டது. முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரக்கூடாது. ஓட்டுநருக்கே எதிரே வருவது தெரியாத பாணி அது, தடை சரிதான்.

டிங்கரிங், பட்டி, பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஒர்க் ஷாப்பில் 12,000 டாலர் எளிதில் ஆகும். வெயிலில் வெளுத்த பழைய பெயின்டை அப்படியே விட்டு, மேலே கண்ணாடிப் பூச்சு மட்டும் அடிக்கிறவர்கள் புத்திசாலிகள். ஆனால் நல்ல பெயின்ட் உள்ள வண்டியில் காசு கொடுத்துத் துருவையும் வெளுப்பையும் வரையச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது மாதிரிக்கு ஒரு கூட்டல். வண்டி 12,000, தாழ்த்தலும் பிரேக்கும் 2,500, காற்று 5,000, எஞ்சின் மாற்றம் 6,000, சக்கரமும் டயரும் 3,000, உடலும் பெயின்டும் 12,000, இருக்கையும் உள்ளலங்காரமும் 3,000. மொத்தம் 43,500. இதில் பொருத்தும் கூலி இல்லை. மணிக்கு 120 டாலர் வீதம் 150 மணி நேரம் என்றால் இன்னும் 18,000. ஆக 61,500.

அந்த 18,000இல் ஒரு பெரும் பகுதியை வரவாக மாற்றுவது சிநேகிதர்கள். சரக்குத் தொட்டியைக் கழற்றித் தூக்க 4 பேர் போதும். எடை 350 பவுண்டு என்று வைத்தாலும் ஆளுக்கு 40 கிலோ. கூலி பீட்சா. அடுத்த சனிக்கிழமை அந்த நால்வரில் ஒருவரின் வண்டிக்கு இவர் போக வேண்டும், அவ்வளவுதான். 5 போல்டுக்கு மாறியவரின் 6 போல்ட் சக்கரம் இன்னொருவருக்கு. குட்டையாக்கியவரின் நீளத் தொட்டி வேலைக்கு வண்டி வைத்திருப்பவருக்கு. டெக்சஸில் வாக்ஸஹாச்சியில் நடக்கும் சி-10 கூடலிலும் அரிசோனாவின் கிளென்டேல் கூடலிலும் மணிக்கணக்கில் நடப்பது பாதி வேடிக்கை, பாதி இந்தப் பண்டமாற்று. மற்றவர் வண்டிக்கடியில் படுத்து, எங்கே வெட்டினார், எந்தத் தண்டு போட்டார் என்று பார்த்து வருவதற்கு விலையே இல்லை. உதிரி விற்பவர்களுக்கான பெரிய கண்காட்சி வேறு. 1967இல், அதாவது இந்த சி-10 வந்த அதே ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் மைதானத்தில் தொடங்கி இன்று ஆண்டுதோறும் லாஸ் வேகாஸில் நடக்கிறது. அங்கே பார்த்துவிட்டு வருகிறவர்களின் பட்ஜெட் குறைந்ததாக வரலாறு இல்லை.

விற்றால் போட்ட பணம் பெரும்பாலும் வராது. ஆகவே வண்டி மட்டும்தான் வேண்டும் என்பவர் வேறொருவர் முடித்து வைத்த வண்டியை வாங்குவதே லாபம். அந்த 61,500இல் ஒரு பகுதியைக் கட்டியவர் ஏற்கெனவே இழந்துவிட்டார். கட்டுவதில்தான் சுகம் என்பவர் முதல் ஸ்பிரிங்கை வாங்குமுன் வண்டி கடைசியில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அங்குலத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். காற்றுப்பைதான் முடிவு என்றால் குட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். முதல் 1,000 டாலர் டிஸ்க் பிரேக்குக்கு. சேஸிஸ் வெல்டிங்கை மட்டும் பீட்சாவுக்கு வருகிற சிநேகிதரிடம் விடாமல், ரசீது கொடுக்கிறவரிடம் கொடுங்கள்.