கரும்பாலைக் கொட்டகைக்கு வேண்டிய மாற்று உறுப்புகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரம் தொடங்கிக் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் பாசனம் பெறும் சமவெளி வரையில் கரும்பு ஒரு முக்கியமான பணப்பயிராகும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பை அனுப்புவோர் ஒருபுறமிருக்க, தங்கள் தோட்டத்திலேயே ஆலையாட்டி வெல்லம் காய்ச்சுவோரும் உளர். பொங்கற் பண்டிகையை முன்னிட்டு மார்கழி மாதத்தில் வெல்லத்துக்குக் கிராக்கி மிகும். அச்சமயத்தில் ஒரு சிறிய உறுப்பு பழுதுபட்டதன் காரணமாகக் கொட்டகை இரண்டொரு நாள் நின்றுவிடின், அதனால் நேரும் நஷ்டம் அவ்வுறுப்பின் விலையைப் போலப் பன்மடங்காகும்.

தாமதத்தால் விளையும் கேடு

வெட்டிய கரும்பு காத்திராது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அதனை ஆட்டிவிடுதல் உத்தமம். அதற்கு மேற்பட்டால் கரும்பு உலர்ந்து எடை குறைவதோடு, அதிலுள்ள சர்க்கரையும் சிதைந்து, உறையாத வேறு இனிப்புப் பொருள்களாக மாறுகிறது. அத்தகைய சாற்றைக் காய்ச்சினால் வெல்லம் கட்டிப்படாமல் இளகிப் பிசுபிசுக்கும். பிழிந்த சாறோ சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும்.

உதாரணமாக, ஓர் ஏக்கரில் 40 டன் கரும்பு விளைந்ததாகவும், நாளொன்றுக்கு 3 டன் ஆட்டப்படுவதாகவும் கொள்வோம். நூற்றுக்குப் பத்து வீதம் வெல்லம் கண்டால், ஒரு நாளைய வெல்லம் 300 கிலோ ஆகும். மறுநாளைக்கென வெட்டிவைத்த 3 டன் கரும்பும், கொப்பரையில் பாதி காய்ந்த சாறும், வேலையின்றி உட்கார்ந்திருக்கும் ஆட்களின் கூலியும் ஒருங்கே நஷ்டக் கணக்கில் சேரும்.

முற்காலத்தில் மரத்தாலும் கல்லாலும் ஆன ஆலைகள் வழங்கின. அவை பழுதுபட்டால் ஊர்த் தச்சனே செப்பனிட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீகாரிலுள்ள பீஹியா என்னும் ஊரில் தாம்சன், மைல்ன் ஆகியோர் அமைத்த இரும்பு உருளை ஆலையும், பின்னர் அதன் வழிவந்தவையும் பரவிய பிறகு சாறு அதிகம் கிடைத்தது. ஆயினும், வார்ப்பிரும்பில் ஆன பற்சக்கரத்தை ஊர்க் கொல்லனுலையில் வார்க்க இயலாது. ஆகவே, இரும்பாலை வைத்திருப்பவர் மாற்று உறுப்புகளையும் வைத்திருத்தல் அவசியமாயிற்று.

எவற்றைச் சேமிப்பது?

எல்லா உறுப்புகளையும் இரண்டிரண்டாக வாங்கிவைத்தல் வீண்செலவு. திடீரென உடையக்கூடியது, விலை குறைந்தது, அன்றைக்கன்றே கிடைக்காதது என்னும் மூன்று லட்சணங்களும் பொருந்தியவற்றையே முதலில் சேமிக்க வேண்டும்.

அடுப்பைச் சேர்ந்தவை: சக்கை எரியும் இடத்திலுள்ள வார்ப்பிரும்புச் சட்டங்கள் இடைவிடாத சூட்டினால் வளைந்தும் வெடித்தும் போகின்றன. ஒரு சட்டம் ஒடிந்தால் சக்கை எரியாமலே சாம்பற் குழியில் விழும், காற்றோட்டமும் தடைப்படும். ஆதலின் இரண்டு மூன்று சட்டங்கள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். சூட்டைத் தாங்கும் செங்கல் சில, பிசைவதற்கேற்ற களிமண், புகைப்போக்கியை அடைத்துத் திறக்கும் தகடு ஒன்று ஆகியனவும் வேண்டும். சூடேறிய சட்டத்தின்மீது தண்ணீர் கொட்டுதல் கூடாது. கொட்டினால் அது வெடிக்கும்.

கொப்பரையைச் சேர்ந்தவை: கொப்பரையின் அடித்தகடு தேய்ந்து விழுந்த ஓட்டை பெரிதாவதற்கு முன்னரே, காலியான கொப்பரையை வெயிலில் கவிழ்த்து, உள்ளே ஒளி தெரிகிறதா எனப் பார்த்தறியலாம். சிலர் ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைக்கின்றனர். இது முற்றிலும் தவறு. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று ஏறத்தாழ 183 டிகிரி செல்சியசிலேயே உருகத் தொடங்கும். காரீயமோ உணவிற் கலந்தால் விஷம். இரும்புத் தகட்டைப் பற்றவைத்து ஒட்டுதலே முறை. பாகு பதம் சுமார் 118 டிகிரியில் கூடுமாதலால், பதம் பார்க்க வெப்பமானி உபயோகிப்போர் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருத்தல் நலம்.

ஆலையைச் சேர்ந்தவை: பித்தளைப் புஷ், உருளைச் சாவி, மரையாணிகள், பெல்ட்டு, சக்கை சுரண்டும் தகடு ஆகியவை போதும். உருளையும் பெரிய பற்சக்கரமும் விலை மிக்கவை. அவற்றைப் பருவத்துக்கு முன்பே பட்டறைக்கு அனுப்பிச் செப்பனிடல் வேண்டும்.

உலர்ந்த சக்கையும் மாற்று உறுப்பே எனலாம். ஆலையினின்று வெளிவரும் சக்கையில் ஏறக்குறையப் பாதி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உலராது. இரண்டு நாளைக்குப் போதுமான உலர்ந்த சக்கையைக் கூரையின்கீழ், அடுப்புக்கு எட்ட நின்று காத்துவைத்தல் வேண்டும். சாற்றைத் தெளிவிக்கும் சுண்ணாம்பையும் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்காவிடில் அதன் வீரியம் குன்றும்.

அளவும் பாதுகாப்பும்

தேய்ந்த புஷ்ஷை மாதிரியாகக் கொடுத்துப் புதியது செய்வித்தால் தேய்ந்த அளவே மீண்டும் வரும். ஆலை புதிதாயிருக்கும்போதே அளவெடுத்து, ஆலையின் பெயர், எண் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் தகும். வாங்கிய உறுப்பை ஒருமுறை பொருத்திப் பார்த்தபின்னரே பெட்டியில் இடவேண்டும். பொருத்திப் பாராத உறுப்பு ஆபத்துக் காலத்தில் உதவுமென்று நம்புவதற்கில்லை. இரும்புக்குக் கிரீசு தடவித் துணி சுற்றுக. பெல்ட்டை வெயிலும் எலியும் அணுகாமல் காக்க. ஓர் உறுப்பை எடுத்துப் பயன்படுத்திய அன்றே அதற்குப் பதில் வாங்கத் திட்டஞ் செய்யவேண்டும்.

கூட்டு முயற்சி

மாற்றுக் கொப்பரை ஒன்றைத் தனியொருவர் வாங்குதல் சிரமம். அருகருகே ஆலையாட்டும் நாலைந்து பேர் கொப்பரையின் அளவை ஒன்றாக அமைத்துக்கொண்டால், ஒரே மாற்றுக் கொப்பரை அனைவருக்கும் உதவும். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் இவ்விஷயத்தில் முன்னின்று, எவரிடம் எவ்வுறுப்பு உள்ளது, பற்றவைப்போர் எங்குளர் என்பதைப் பட்டியலாக எழுதிப் பொது இடத்தில் வைத்தால் பேருபகாரமாகும். உறுப்பை இரவல் பெற்றவர் எத்தனை நாளில் திருப்புவது என்பதையும் முன்னரே பேசி முடித்துக்கொண்டால் மனத்தாபத்துக்கு இடமிராது.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, அடுப்பு, கொப்பரை, ஆலை மூன்றையும் சோதித்து, குறைந்தவற்றை வாங்கிவைத்துவிட்டால், மார்கழியில் கொட்டகை தடையின்றி நடைபெறும். வெட்டிய கரும்பு வெட்டிய நாளிலேயே வெல்லமாகும்.