பாலக்காடு கோட்டை
கருங்கல் கட்டடம், 1766

கொங்கு நாட்டையும் மலபாரையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாயைக் காக்க, மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி எழுப்பிய கோட்டை இது. 1768, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயப் படை இதைக் கைப்பற்றியது. கணவாய்ச் சமவெளி அன்று படைகளின் பாதையில் இருந்தது.

கட்டியவர் ஹைதர் என்றாலும், மக்கள் நாவில் இது ‘திப்பு கோட்டை’. ஹைதரின் மகன் திப்பு சுல்தானை ஆங்கிலேயரை எதிர்த்த வீரராகப் போற்றுவோர் உண்டு. அவரது மலபார்ப் படையெடுப்பின் துயரத்தோடு நினைப்போரும் உண்டு. ஒரு நினைவை மறைத்தால் பகை வளரும். இரண்டையும் பொறுமையாகக் கேட்டால் அமைதி வேரூன்றும்.

படை யானைகளும் குதிரைகளும் நின்றதாகச் சொல்லப்படும் கோட்டை மைதானத்தில் இன்று கிரிக்கெட் ஆட்டங்களும் பொதுக்கூட்டங்களும் நடக்கின்றன.

பராமரிப்பு: இந்தியத் தொல்லியல் துறை