வெட்டாமல் விட்ட வாள்

மாய உலகின் மனிதர்கள் – 9

ஸ்மாக் என்ற ட்ராகனின் குகைக்குப் போகும் சுரங்கத்தில் பில்போ தயங்கி நின்றதைப் போன வாரம் பார்த்தோம். ட்ராகனைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, இருட்டில் தன்னந்தனியாக அவன் எடுத்துவைத்த அடுத்த அடிதான் அவன் செய்ததிலேயே பெரிய வீரச்செயல் என்பது டோல்கீனின் கணக்கு. ஆனால் அதே ‘தி ஹாபிட்’ நாவலில், சில அத்தியாயங்களுக்கு முன்பே, அதைவிடச் சிக்கலான ஒரு வீரம் நடந்து முடிந்துவிடுகிறது. கதையின் வேகத்தில் அதை எளிதாகத் தாண்டிப் போய்விடுவோம்.

மலைக்கு அடியில் கும்மிருட்டு. பில்போவின் விரலில், அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரம். அதைப் பறிகொடுத்த கோல்லம் என்ற பிராணி, வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு குந்தியிருக்கிறது. பில்போவின் கையில் வாள். குத்திவிட்டு ஓடினால் கேட்க ஆளில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது: எதிரில் இருப்பதன் கையில் ஆயுதம் இல்லை, தன்னை அதனால் பார்க்கவும் முடியாது. வெளிச்சமே காணாமல், பேச்சுத்துணைகூட இல்லாமல் அது கழித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறான். வாளால் குத்தாமல் அதன் தலைக்கு மேலே ஒரே தாவாகத் தாவுகிறான். தாழ்ந்த பாறை வளைவில் மண்டை மோதாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

1937-இல் வந்த முதல் பதிப்பில் இந்தக் காட்சியே கிடையாது. அதில் கோல்லம் பில்போவோடு நடத்திய விடுகதைப் போட்டியில் தோற்றதும், பந்தயம் வைத்த மோதிரத்தைத் தேடுகிறது. கிடைக்காமல் போகவே மன்னிப்புக் கேட்டு, வழிகாட்டி அனுப்பிவைக்கிறது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதும்போதுதான் மோதிரம் ஆளையே விழுங்கும் கொடும்பொருளாக வளர்கிறது. அப்படிப்பட்டதை யார் பந்தயம் வைப்பார்கள்? 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டோல்கீன் அத்தியாயத்தை மாற்றினார். பழைய வடிவத்தையும் வீணாக்கவில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே முடிச்சுப் போட்டார்.

உயிரோடு விட்டதற்கு விலை இல்லாமல் இல்லை. பின்னாளில் கோல்லம், மோதிரத்தைத் தேடும் இருள்தலைவன் சாரோனிடம் சிக்குகிறது. சித்திரவதையில் அதன் வாயிலிருந்து வருபவை பில்போவின் ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும். அவனுடைய கருங்குதிரை வீரர்கள் அந்த ஊரான ஷையருக்குத் தேடி வருவது அதனால்தான். அன்றே தீர்த்துக்கட்டியிருக்கலாமே என்று, பில்போவிடமிருந்து மோதிரத்தைப் பெற்ற ஃப்ரோடோ ஆத்திரப்படுவதில் நியாயம் இருக்கிறது. இரக்கம் காட்டினால் நன்மை விளையும் என்ற உத்தரவாதம் எதுவும் பில்போவுக்கு இல்லை. துணிச்சல் தேவைப்பட்டது அதனால்தான்.

இனி முடிவுக்கு வருவோம். மோதிரத்தை அழிக்க வந்த எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோவால் மோதிரத்தை எறிய முடியவில்லை. தனக்கே என்று மாட்டிக்கொள்கிறான். அவன் விரலைக் கடித்துப் பறித்த கோல்லம், மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறது. வழியில் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும்கூட அதைக் கொல்லாமல் விட்டிருந்தார்கள். நாயகனின் வலு தீர்ந்துபோன இடத்தில் உலகைக் காப்பாற்றியது, கதைக் கணக்கில் ஏறத்தாழ 78 ஆண்டுகளுக்கு முன் குத்தாமல் விட்ட அந்த வாள்.

வலு தீர்ந்துபோவதைப் பற்றி எழுதிய டோல்கீன், 1916-இல் சோம் போர்க்களத்தில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். பள்ளித் தோழர் ராப் கில்சன் அந்தப் போரின் முதல் நாளிலேயே இறந்தார். ஜெஃப்ரி ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில். பதுங்குகுழிக் காய்ச்சலோடு டோல்கீன் ஊர் திரும்பினார். ஃப்ரோடோ தோற்றதைப் பற்றி 1963-இல் எழுதிய கடிதத்தில், அதை ஒழுக்கத் தவறாகக் கொள்ள அவர் மறுத்தார். தாங்கும் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்ட ஒருவனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

எவ்வளவு பெரிய வீரனுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் அவனுக்குக் கைகொடுப்பது வேறு யாரோ எப்போதோ காட்டிய இரக்கமாக இருக்கலாம். வாள்வீச்சு நிறைந்த 3 பாகக் காவியத்தை டோல்கீன் கட்டியெழுப்பியது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

எதிரியைக் கொல்லாமல் விடுவது ஒரு துணிச்சல் என்றால், நண்பர்களையே வழிமறிப்பது இன்னொன்று. ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் அதற்காக 10 புள்ளிகள் வாங்கிய நெவில் லாங்பாட்டத்தை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)