மணலில் விளையும் காரட்

மணற்பாங்கான நிலம் காய்கறிக்கு உதவாது என்று எண்ணுவோர் பலர். புதுச்சேரி நகரின் வடபால் கடலை ஒட்டியுள்ள குருசுக்குப்பம் போன்ற ஊர்களில், வீட்டின் பின்புறம் சிறிது வெற்றிடம் இருப்பினும் இவ்வெண்ணத்தால் அது வீணே கிடப்பதுண்டு. ஆனால், மணலை விரும்பும் காய்கறியும் ஒன்று உண்டு. அதுவே காரட்.

காரட் கிழங்கன்று, உணவைச் சேமித்துப் பருத்த ஆணிவேர் ஆகும். களிமண்ணிலும் கல் நிறைந்த மண்ணிலும் அவ்வேர் தடைபட்டு, வளைந்தும் கிளைத்தும் உருக்கெடும். பொலபொலப்பான மணலிலோ நேராகக் கீழிறங்கும். எனினும், மணலுக்கு இரு குறைகள் உள. நீர் அதில் தங்காது. சத்தும் நீரோடு அடியில் இறங்கிவிடும். இவ்விரு குறைகளையும் தீர்க்கும் மருந்து மக்கிய எருவே.

ஓரடி ஆழம் கொத்திக் கல்லும் வேரும் நீக்கி, சதுர மீட்டருக்கு 3 கிலோ மக்கிய தொழுவுரம் கலத்தல் வேண்டும். மணலில் வாழும் நூற்புழுக்கள் வேரைத் தாக்குமாதலால் வேப்பம் பிண்ணாக்கும் சிறிது சேர்க்கலாம். பச்சைச் சாணம் இடலாகாது. அது வேரைக் கிளைக்கச் செய்யும்.

காரட் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழிப்பது. ஆதலின் தமிழகத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மிகுதியாக விளைகிறது. பிரான்சு நாட்டு நாந்து நகரின் பெயர் தாங்கிய வகை அத்தகைய குளிரிடங்களுக்கே ஏற்றது. கடற்கரைக்கு ஏற்றது, தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அளித்த பூசா கேசர் போன்ற, வெப்பம் தாங்கும் வகையாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழியில் விதைத்தல் நலம்.

நாற்றுவிட்டு நட்டால் வேர் முறுக்கிக்கொள்ளும். ஆதலால் விதையை நேரே பாத்தியில், அரை அங்குல ஆழத்தில் தூவுதல் வேண்டும். முளைக்க இரு வாரம் வரை ஆகலாம். அதுவரை மண் உலராதவாறு ஈரச் சாக்கால் மூடி, முளை தோன்றியதும் அகற்றிவிட வேண்டும். பின்னர், செடிக்குச் செடி மூன்று அங்குலம் இருக்குமாறு களைந்துவிடுதல் வேண்டும். உவர்நீரைக் காரட் சிறிதும் பொறாது. நன்னீரே பாய்ச்ச வேண்டும். வேரின் தலை வெயில் பட்டுப் பசுமையாகாதபடி மண் அணைத்தலும் இன்றியமையாதது.

ஏறக்குறைய 90 நாளில் வேர் முற்றும். அது மலைக்காரட்டைப் போலப் பெரிதாக இராவிடினும் சத்தில் குறைந்ததன்று. காரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும்.

அறுத்த தழையை எருக்குழியில் இட்டால், அடுத்த பயிருக்கு அதுவே உரமாகும். மண்ணைப் பழித்து வாளாவிருப்பதினும், அதன் இயல்பறிந்து குறையை நிரப்புதலே அறிவுடைமை.